ஓட்டையை அளந்த மகான்கள்

'த்ரீ நாட் த்ரீ' ரைஃபிளைத் தெரியாத தமிழன் உண்டா? போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரியின் தோளில் தொங்கியது அதுதான். சினிமாவில் எல்லாம் முடிந்தபிறகு ஓடிவரும் கான்ஸ்டபிள்கள் தூக்கிக்கொண்டு வருவதும் அதுதான். .303 என்றால் குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம். ஆயிரத்தில் மூன்று பங்கைக்கூட விட்டுக்கொடுக்காமல் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட வெள்ளைக்காரனின் கறாரைப் பாருங்கள்!

சரி, அந்த ரைஃபிளின் தோட்டாவை எடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குண்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள். 0.311 காட்டும். அதாவது, ஓட்டையைவிட அந்த ஓட்டை வழியாகப் போகவேண்டிய குண்டு பெரிசு!

பதறவேண்டாம். ரைஃபிள் குழலின் உள்பக்கம் வழவழவென்று இருக்காது. முறுக்கிக்கொண்டே போகும் காடிகளை வெட்டியிருப்பார்கள். காடிக்கும் காடிக்கும் நடுவில் மேடு. மேட்டுக்கு மேடு அளந்தால் 0.303. காடிக்குக் காடி அளந்தால் 0.314 பக்கம் வரும். குண்டு மேட்டில் கடிபட்டு, காடியில் பிதுங்கி, பம்பரமாகச் சுழன்றுகொண்டு வெளியே போகிறது. ஆக ஒரே குழலுக்கு இரண்டு விட்டம். எதை வெளியே சொல்வது என்பது செய்பவர் இஷ்டம். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா வித்தையை ஃப்ளாட் விற்பவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அவர்கள் ரொம்ப லேட்!

இதாவது ஒரு நம்பர். அதற்கு முன்னால் ஓட்டையை யாரும் அளக்கவே இல்லை. நிறுத்தார்கள்.

நிஜமாகத்தான். ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துக்கொள். அதைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடி. ஓர் உருண்டை சிக்கென்று நுழைகிற குழல் எதுவோ, அது 12 போர். இருபது உருண்டை பிடித்தால் 20 போர். இதனால்தான் நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகிறது. ஊர்ப்பக்கம் பெரிய மனிதர்கள் மாட்டிவைத்திருக்கும் ட்வெல்வ் போர் துப்பாக்கியின் குழலில் பன்னிரண்டாக எதுவுமே கிடையாது, அளந்தால் 18.5 மில்லிமீட்டர். அதே குடும்பத்துக் கடைக்குட்டி .410 மட்டும் 'நான் நிறுவைக்கு வரமாட்டேன்' என்று அங்குலத்துக்குப் போய்விட்டது. அதையும் உருண்டை பிடித்திருந்தால் 67, 68 என்று வந்திருக்கும். 68 போர் என்று சொல்லி யாரிடம் மீசையை முறுக்குவது?

நிறுவையிலிருந்து விட்டத்துக்குப் பாலம் போட்டவர்களில் முக்கியமானவர் நியூரம்பெர்க்கில் கருவிகள் செய்துகொண்டிருந்த கியோர்க் ஹார்ட்மன். 1540இல் ஓர் அளவுகோல் செய்தார். குண்டின் விட்டத்தை அதில் வைத்தால் எடை தெரியும். ஐரோப்பாவின் பீரங்கிக்காரர்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். அளவுகோல் கைக்கு வந்துவிட்டது, இனி குண்டும் குழலும் கச்சிதமாகப் பொருந்தும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பொருத்தக்கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கெட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே அதன் தோளில் ஏறித்தான் உலகம் சுற்றியது. குழல் 0.75 அங்குலம், குண்டு 0.69. நடுவில் ஏறக்குறைய அரை நூல் காலி இடம். அசல் காரணம்: கறுப்பு மருந்தில் நாலு தடவை சுட்டால் குழல் முழுக்கக் கரி ஒட்டிக்கொள்ளும், கச்சிதமான குண்டு ஐந்தாம் தடவை உள்ளே இறங்காது. எதிரி வந்துகொண்டிருக்கும்போது துப்பாக்கியோடு மல்லுக்கட்ட முடியுமா? அதனால் லொடலொட குண்டு. இடது சுவர், வலது சுவர் என்று மோதிக்கொண்டு வந்து, வெளியே வந்தபின் எங்கே போவது என்று அதுவே முடிவுசெய்யும். இருநூறு கஜத்தில் நிற்பவனைக் குறிபார்ப்பதும் நிலாவைக் குறிபார்ப்பதும் ஒன்றுதான் என்று 1814இல் எழுதியவர் யாரோ போர் எதிர்ப்பாளர் இல்லை. கர்னல் ஜார்ஜ் ஹேங்கர், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்!

இந்த அரை நூலின் மேல் சந்தேகப்பட்ட முதல் பெரிய மூளை பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். க்வேக்கர்கள் ஆயுதத்தைத் தொடுவதே பாவம் என்கிற அகிம்சாமூர்த்திகள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பீரங்கி விஞ்ஞானத்தின் பிதாமகர் ஆனார். பெற்றோர் பேச்சைக் கேட்காமல் உருப்பட்டவர்கள் பட்டியலில் இவருக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

இருபது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். வூலிச் ராணுவ அகாடமியில் கணக்குப் பேராசிரியர் வேலைக்கு ஆசைப்பட்டார். ஏற்கெனவே வால்போல் அரசாங்கத்தைக் கிழித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியிருந்தார் மனுஷன். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. நம் ஊராக இருந்தால் மொட்டைக் கடுதாசி போட்டிருப்பார். இவர் 1742இல் பீரங்கிக் கலையின் அடிப்படைகளையே புரட்டிப்போடும் ஒரு புத்தகத்தைப் போட்டார்.

அதுவரை 'குண்டு என்ன வேகத்தில் போகிறது?' என்று கேட்டால் நிபுணர்கள் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். ராபின்ஸ் ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு அதில் சுட்டார். ஊஞ்சல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்து வேகத்தைக் கணக்குப் போட்டார். காற்று குண்டைப் பிடித்து இழுப்பது, அதுவரை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கலிலியோ காலத்திலிருந்து அழகழகாக வரைந்துவைத்திருந்த பரவளையங்கள் எல்லாம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்று ஆயிற்று.

அடுத்து அவர் செய்ததுதான் கிளாஸ். நல்ல துப்பாக்கி ஒன்றின் குழலை, முனைப்பக்கமாக இடதுபுறம் வளைத்தார். ஆமாம், வேண்டுமென்றே! வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். ஓட்டைகளைப் பார்த்தால், குண்டு முதலில் நல்ல பிள்ளையாக இடதுபக்கம் போயிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் மனசு மாறி வலதுபக்கம் திரும்பியிருக்கிறது. ராபின்ஸ் சொன்ன விளக்கம்: வளைவில் குண்டு வலதுபக்கச் சுவரில் உரசுகிறது; உரசலில் சுழற்சி வாங்குகிறது; காற்றில் அந்தச் சுழற்சிதான் அதைத் திருப்புகிறது. நேரான குழலிலும் இதே கதைதான். கடைசியாக எந்தச் சுவரில் உரசியதோ அந்தப் பக்கம் சாயும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது, சுட்டவன் உட்பட.

பிரஷ்யாவின் ஃபிரெடெரிக் மன்னர், பீரங்கி விஷயத்தில் எது நல்ல புத்தகம் என்று ஆய்லரைக் கேட்டார். லியோனார்ட் ஆய்லர், கணித உலகின் சூப்பர் ஸ்டார்! ராபின்ஸின் புத்தகம்தான் என்று சொன்னதோடு நிற்காமல், 1745இல் அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கூடவே மூலத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்கு உரை. உரையாசிரியர்கள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதிதான்! ஆனால் இந்தக் குண்டு வளையும் சமாசாரத்தில் மட்டும் ஆய்லர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். குண்டைச் சரியான உருண்டையாக வார்த்திருக்கமாட்டார்கள், அதனால்தான் கோணலாகப் போகிறது என்றார். பேனாவோடு உட்கார்ந்தவர் பேச்சு எடுபட்டது; குழலை வளைத்துச் சுட்டவர் பேச்சு எடுபடவில்லை. நூறு வருஷம் கழித்து, 1852இல் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் அதே விஷயத்தை எடுத்து ஆராய்ந்தார். இன்றைக்கு ஸ்பின்னர் போட்ட பந்து காற்றிலேயே விலகினால் கமென்டேட்டர் 'மாக்னஸ் எஃபெக்ட்' என்கிறார். வளைந்த குழலோடு நின்றவரை யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த ராபின்ஸ் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? கடலூருக்கு! கிழக்கிந்தியக் கம்பெனி அவரை எஞ்சினியர் ஜெனரலாக்கி, கோட்டைகளைப் பலப்படுத்த அனுப்பியது. 1750இல் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார்.

அந்தக் கோட்டையின் ஜாதகத்தைக் கேளுங்கள். 1690இல் மராட்டியர்களிடமிருந்து கம்பெனி அதை வாங்கியபோது ஒப்பந்தம் இதுதான்: பீரங்கியால் சுட்டு, குண்டு எதுவரை விழுகிறதோ அதுவரைக்கும் நிலம் உங்களுக்கு. மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல் (ஆமாம், அந்த அமெரிக்க யூனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்தவரேதான்) இருப்பதில் நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார். எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுபவன் சாமர்த்தியம் என்று ஒரு குறிப்பும் கொடுத்தார். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஆயிற்று. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகத்திலேயே முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர், பத்திரப்பதிவையே பீரங்கியால் செய்த ஊருக்கு அறுபது வருஷம் லேட்டாக வந்தார். 1751 ஜூலையில் காய்ச்சலில் அங்கேயே கண்ணை மூடினார். பீரங்கியை நிறுத்தி அளக்கச் சொல்லியிருந்தால் கம்பெனிக்கு இன்னும் பத்து ஊர் கிடைத்திருக்கும்!

உயிரோடு இருந்தபோதே ராபின்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: காடி வெட்டிய குழலின் மகிமையை எந்த நாடு முதலில் புரிந்துகொள்கிறதோ அது மற்றவர்களை முந்திவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், காடி பலிக்க வேண்டுமானால் குண்டு குழலைக் கவ்விப்பிடிக்க வேண்டும். கவ்வினால் மேலேயிருந்து உள்ளே இறங்காது. 1800 வாக்கில் வந்த பேக்கர் ரைஃபிளுக்கு ஆரம்பத்தில் ஒரு மரச்சுத்தியலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். போர்க்களத்தில் நின்று தச்சுவேலை!

விடை தென்னிந்தியாவில் கிடந்தது என்றால் நம்புவீர்களா? ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் கேப்டன் இந்தப் பக்கம் இருந்தபோது, உள்ளூர்க்காரர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். அடிப்பாகத்தில் தாமரைத் தண்டின் நெட்டி. வைக்கும்போது சுலபமாக உள்ளே போகிறது. ஊதினால் விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. ஆஹா! குழலை அளக்கவே வேண்டாம், குண்டே விரிந்து அளவெடுத்துக்கொள்ளும்! அடியில் குழிவைத்து, வெடித்ததும் விரிகிற நீளக் குண்டு ஒன்றைச் செய்து 1830களில் மேலிடத்தில் நீட்டினார். யுத்தத்துக்கு உகந்தது உருண்டைக் குண்டுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த வில்லியம் கிரீனருக்கும் அதே மரியாதை. பிறகு அதே சங்கதியைப் பிரான்ஸில் கேப்டன் மினியே செய்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு 20,000 பவுண்டு எண்ணிக்கொடுத்தது. கிரீனர் கத்திக் கூச்சல் போட்டதில் அவருக்கு 1,000. ஊதுகுழல்காரர்களுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இப்போது மேடைக்கு வருகிறார் நம் ஹீரோ. ஜோசஃப் விட்வொர்த். ஐ.டி.ஐ. படித்தவர்களும் லேத் பட்டறைக்காரர்களும் எழுந்து நிற்கலாம். பி.எஸ்.டபிள்யூ. மரை, 55 டிகிரி, அந்த விட்வொர்த்தேதான். இளவயதில் வேலை பார்த்தது லண்டனில் ஹென்ரி மாட்ஸ்லேயின் பட்டறையில். அங்கே பெஞ்சில் ஒரு மைக்ரோமீட்டர். பட்டப்பெயர் 'லார்ட் சான்சலர்'. யாருக்காவது அளவில் தகராறு வந்தால் அதன் சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள். அது சொல்வதுதான் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட கோர்ட்டில் வளர்ந்த பிள்ளை, அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் மெஷினைச் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தது. எழுத்தாளர் கார்லைலின் மனைவி ஜேன் இவரைப் பார்த்துவிட்டு, முகம் பபூன் குரங்கை நினைவுபடுத்துகிறது, ஆனால் திறமையைப் பார்த்தால் பூதங்களே பொறாமையில் வெந்துபோகும் என்கிற ரீதியில் கடிதம் எழுதினார். முதல் பாதியை மட்டும் யாரும் அவரிடம் காட்டியிருக்கமாட்டார்கள் என்று நம்புவோம்.

1854இல் ராணுவம் விட்வொர்த்தைக் கூப்பிட்டது. என்ஃபீல்டு ரைஃபிளைக் கட்டுக்கட்டாகச் செய்ய மெஷின் வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. அவர் திருப்பிக் கேட்டார்: 'மெஷின் இருக்கட்டும், உங்கள் குழலின் அளவும் முறுக்கும் சரி என்று யார் சொன்னது?' ஒருவரும் சொல்லவில்லை. வழிவழியாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். சரி, கண்டுபிடித்துச் சொல்லும் என்று விட்டார்கள். கான்ட்ராக்ட்காரரிடம் தத்துவம் பேச வாய்ப்புக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

மான்செஸ்டரில் 500 கஜம் நீளத்துக்கு, கூரை போட்ட ஒரு நடைக்கூடம் கட்டச்சொன்னார். காற்று குறுக்கே வீசிப் பரிசோதனையைக் கெடுக்கக்கூடாது பாருங்கள். கட்டி முடித்த சூட்டில் புயல் வந்து கூடத்தையே பிய்த்துப் போட்டது. காற்றுக்கும் தன்மானம் உண்டு. மறுபடி கட்டினார். டிஷ்யூ பேப்பர் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டுச் சுட்டு, முறுக்கைக் கூட்டி, விட்டத்தைக் குறைத்து, கடைசியில் ஒன்றைச் செய்தார். என்ஃபீல்டின் 0.577 எங்கே, இவருடைய 0.451 எங்கே! அத்தோடு விட்டாரா? குழலை வட்டமாகவே விடவில்லை. அறுகோணம்! குண்டும் அறுகோணம். நட்டு போல்ட்டுக்கு மரை தந்த மனிதர் துப்பாக்கியையும் நட்டாகவே பார்த்திருக்கிறார்.

இனி 'குழலின் விட்டம் என்ன?' என்று கேட்டால் 'பக்கத்துக்குப் பக்கமா, மூலைக்கு மூலையா?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் 0.451, மூலைக்கு மூலை 0.490. உலகத்திலேயே மிகத் துல்லியமாக அளக்கத் தெரிந்தவர், விட்டமே இல்லாத ஓட்டையைச் செய்துவைத்தார்.

ஆனால் சுட்டது! 1857இல் ஹைத் மைதானத்தில் நடந்த போட்டியில், 500 கஜத்தில் என்ஃபீல்டு சராசரியாக ரெண்டேகால் அடி விலகியது. விட்வொர்த் நாலரை அங்குலம். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1,440 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. விட்வொர்த் தட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் என்ன, மாலை மரியாதைதானே? ராணுவம் யோசித்தது: விலை ஜாஸ்தி, கரி சீக்கிரம் அடைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் ஓட்டை ரொம்பச் சின்னது, யுத்தத்துக்கு உதவாது. ரிஜெக்டட்!

1871இல் அதே ராணுவம் மார்ட்டினி-ஹென்ரி ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. அதன் குழல் 0.45. ஓட்டை அதே சைஸ்தான். நடுவில் பதினாலு வருஷம் ஓடியிருந்தது, அவ்வளவுதான்.

இடையில் விட்வொர்த்துக்கு ஓர் ஆறுதல் பரிசு. 1860 ஜூலையில் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி. விக்டோரியா மகாராணி திறந்துவைக்கிறார். ரிப்பன் வெட்டுவதற்குப் பதில் சுட வேண்டும். மகாராணி சுட்டு, குண்டு பக்கத்து வயலில் விழுந்தால் சாம்ராஜ்யத்தின் மானம் என்னாவது? விட்வொர்த் ரைஃபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பூட்டி, 400 கஜத்துக்குக் குறியை முன்னதாகவே சரிபார்த்து, விசையில் பட்டுக்கயிறு கட்டி நுனியை மகாராணி கையில் கொடுத்தார்கள். இழுத்தார். மையத்திலிருந்து ஒண்ணேகால் அங்குலத்தில் போய் உட்கார்ந்தது. மகாராணிக்குச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். கயிற்றை இழுத்ததற்கு!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குக்காரர்கள் கொஞ்சம் விட்வொர்த்துகளை வரவழைத்துக் கைதேர்ந்த ஆட்களிடம் கொடுத்தார்கள். 1864 மே மாதம் ஸ்பாட்சில்வேனியாவில் வடக்குப் படையின் ஜெனரல் ஜான் செட்ஜ்விக், குண்டுக்குப் பயந்து குனிந்த வீரர்களைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை தூரத்தில் அவர்களால் ஒரு யானையைக்கூடச் சுடமுடியாது என்றார். வாக்கியத்தை முடிப்பதற்குள் செத்துவிழுந்தார் என்று கதை சொல்வார்கள். அது அநியாயம். பாவம், முழுசாகச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். அதற்கப்புறம்தான் குண்டு வந்தது. வந்தது விட்வொர்த்திலிருந்து என்றுதான் பேச்சு.

இங்கிலாந்துக்காரன் பிடிவாதக்காரன் என்றால் அமெரிக்காக்காரன் விளம்பரக்காரன். .38 ரிவால்வர் என்று துப்பறியும் நாவல் முழுக்கப் படித்திருக்கிறோமே, அதன் குண்டு 0.357. ஆதியில் குண்டும் பித்தளைக் கூடும் ஒரே தடிமனாக இருந்தபோது வைத்த பெயர். பிறகு குண்டு மெலிந்து கூட்டுக்குள் புகுந்துகொண்டது, பெயர் மட்டும் இளைக்கவில்லை. 1935இல் அதே விட்டத்தில் கொஞ்சம் மருந்தைக் கூட்டி, முதன்முறையாக உண்மை அளவை வெளியே சொல்லி, '.357 மேக்னம்' என்று விற்றார்கள். உண்மை புது மாடலாக ரிலீஸ் ஆயிற்று! 'டர்ட்டி ஹாரி'யில் கிளின்ட் ஈஸ்ட்வுட் நீட்டி மிரட்டுவாரே .44 மேக்னம், அது 0.429. திருடன் பையில் மைக்ரோமீட்டர் வைத்திருந்தால் அந்த சீனே கெட்டிருக்கும்.

ரைஃபிள்காரர்கள் இன்னும் மோசம். .218 பீ, .219 ஸிப்பர், .220 ஸ்விஃப்ட், .222, .223, .225 என்று வரிசையாக இறக்கினார்கள். எல்லாவற்றின் குண்டும் ஒரே 0.224 அங்குலம். .250-3000 என்று ஒன்று வந்தது. 3000 என்பது விநாடிக்கு அடிக்கணக்கில் அதன் வேகம், அது நிஜம். 250 என்று போட்டிருந்த விட்டம்தான் 0.257.

அதனால் பழைய துப்பாக்கிக்குத் தோட்டா வார்க்கிறவர்கள் பெயரை நம்புவதே இல்லை. குழல் காலி என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய சுத்தமான ஈய உருண்டையை எடுக்கிறார்கள். குழலுக்கு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் உருண்டையைத் தட்டி ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் மெல்லிய வளையமாக ஈயம் சீவிக்கொண்டு வரும்; மீதி உள்ளே போகும். பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுத்தால், காடியும் மேடும் அச்சாகப் பதிந்த ஒரு குட்டித் துண்டு. அதை அளந்தால் தெரிந்துவிடும், குழலின் யோக்கியதை.

அங்கேயும் ஒரு கண்ணி. .303க்கு வழக்கமாக ஐந்து காடி. ஒற்றைப்படை! ஒரு காடிக்கு நேர் எதிரே இன்னொரு காடி இருக்காது, மேடுதான் இருக்கும். சாதா மைக்ரோமீட்டரில் பிடித்தால் காடி விட்டத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். இதற்கென்றே 'வி' வடிவத் தாடை வைத்த மைக்ரோமீட்டர் வாங்க வேண்டும். அதன் விலையைக் கேட்டால், துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு ரெண்டு ஆணியில் மாலை போட்டுவிடலாம் என்று தோன்றும்.

தட்டுவது, தள்ளுவது எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும். தோட்டா உட்காரும் அறையில் ஊற்றி இறுகவிட்டு, அரை மணி நேரத்துக்குள் தட்டி எடுக்க வேண்டும், அதுவரை சுருங்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, வார்த்து ஒரு மணி நேரம் ஆகும்போது ஓட்டையின் அச்சு அசல் அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அளந்தால் உண்டு. அளக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு எட்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், ஆயிரத்தில் இரண்டரை பங்கு பெருத்துப்போய் உட்கார்ந்திருக்கும், போய்வந்த மாப்பிள்ளை மாதிரியே.